முதல் பயணத்தின் நினைவும் கணக்கும்

கடல்தொழிலை விட்டுக் கரையேறியவர்கள் தங்கள் முதல் பயணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவர்கள் பேச்சில் ஒரு தனி ஒளி ஏறிவிடும். முப்பது ஆண்டுகள் கப்பலில் உழைத்தவர் தமது கடைசிப் பயணத்தை இரண்டு வார்த்தைகளில் முடித்துவிடுவார். முதல் பயணத்திற்கோ அவருக்கு ஓர் இரவு போதாது. அந்தப் பயணத்தில்தான் அவர் மிகுதியாக அடிபட்டிருப்பார், மிகக் குறைந்த கூலி பெற்றிருப்பார், கடல்நோயால் குடல் வெளிவரும்படி வாந்தி எடுத்திருப்பார். ஆயினும் அதை இனிப்பாகவே சொல்லுவார். பட்ட துன்பம் நினைவில் இனிப்பாவது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் கப்பல் தொழிலில் அது தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அவ்வகை நூல்களை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. இந்த ஒளி யார்மேல் விழுகிறது? சொல்லுகிறவரின் இளமைமேல் மட்டுமா? அவரோடு அதே பலகையில் படுத்துறங்கி, அதே பாயைச் சுருட்டி, திரும்பி வராமற்போன மற்றவர்மேலும் அது விழுகிறதா?

வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து, பின்னர் எழுத்தாளரான சிலருடைய நூல்களை இந்தக் கேள்வியை முன்வைத்தே இங்குப் பார்க்க விரும்புகிறோம்.

இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது ஜோசப் கான்ராட் 1898-இல் வெளியிட்ட 'இளமை' என்னும் நெடுங்கதை. கான்ராட் 1857-இல் போலந்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் மார்செய் துறைமுகத்திற்குச் சென்று கடல்தொழிலில் இறங்கியவர். வயது வந்தபின் கற்ற ஆங்கிலத்தில் எழுதி, அம்மொழியின் முதல்வரிசை எழுத்தாளருள் ஒருவரானவர். 'இளமை'யில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் கம்பெனி இயக்குநர், ஒருவர் கணக்காளர், ஒருவர் வழக்கறிஞர். இன்று வெவ்வேறு நிலையில் இருந்தாலும் ஐவருமே வாழ்க்கையை வணிகக் கப்பலில் தொடங்கியவர்கள். அவர்களுள் மார்லோ என்பவர் தமது இருபதாம் வயதில் 'ஜூடியா' என்ற பழங்கப்பலில் இரண்டாம் அதிகாரியாகச் சென்ற கதையைச் சொல்லுகிறார்.

கப்பல் அறுநூறு டன் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு பாங்காக்கிற்குப் புறப்படுகிறது. தலைவருக்கு வயது அறுபது. ஒரு கப்பலுக்குத் தலைமை ஏற்பது அவருக்கு அதுவே முதல் முறை. புயலில் கப்பல் ஒழுகுகிறது. இரவும் பகலும் எல்லாரும் கைப்பம்பு அடித்து நீரை இறைக்கின்றனர். ஃபால்மத் துறைக்குத் திரும்பிவந்து, பழுதுபார்த்து, மறுபடி புறப்பட்டு, மறுபடி திரும்புகின்றனர். கப்பலிலிருந்த எலிகள்கூட ஒருநாள் வெளியேறிவிடுகின்றன. இறுதியாகக் கீழைக்கடலுக்கு வந்த பிறகு நிலக்கரி தானாகவே தீப்பற்றிக்கொள்கிறது. கரியைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றியதில் அது தூளாகிவிட்டதே காரணம் என்று மார்லோ கருதுகிறார். கப்பல் எரிந்து மூழ்கிய பின் மூன்று படகுகளில் பிரிந்து செல்லுகின்றனர். மிகச் சிறிய படகு மார்லோவிடம் ஒப்படைக்கப்படுகிறது. இரவும் பகலுமாகத் துடுப்புப் போட்டு அவர் ஒரு கரையை அடைகிறார். மறுநாள் காலையில் கண்விழிக்கும்போது கீழைநாட்டு மக்கள் துறைமேடையில் நின்று அவரை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதையின் அழகைப் பற்றி ஐயமே இல்லை. ஆனால் உண்மை நிகழ்ச்சியை அதன் அருகில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. கான்ராட் பணியாற்றிய கப்பலின் பெயர் 'பாலஸ்தீன்'. 1883 மார்ச்சில் பாங்கா நீரிணையில் அது தீக்கிரையானது. அருகிலேயே பாங்கா தீவு இருந்தது. மாலுமிகள் படகுகளில் ஏறி அதிக நேரம் ஆகுமுன் அத்தீவின் முண்டோக் என்ற ஊரை அடைந்தனர். பிறகு சிங்கப்பூரில் நடந்த விசாரணை, தலைவர்மீதும் மற்றவர்மீதும் குற்றமில்லை என்று முடிவு செய்தது. ஆக, கதையிலுள்ள நீண்ட படகுப்பயணம் நினைவு வரைந்த ஓவியம். இதைச் சொல்லிக் கான்ராடைக் குறைகூறுவது சிறுமை. அவர் எழுதியது கதை. என்றாலும் எந்த இடத்தில் உண்மை நீட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பம்பு அடித்த நாட்களில் அன்று. தன்னந்தனியாகத் தலைமை தாங்கிய அந்தப் படகில்தான். சுமை பொதுவாக இருந்த இடம் கதையிலும் அப்படியே நிற்கிறது. புகழ் ஒருவனுக்கே உரியதாகும் இடம் நீள்கிறது.

இன்னொன்று. எரிந்துகொண்டிருக்கும் கப்பலில், எவ்விதப் பயனுமில்லாத நேரத்திலும், மாலுமிகள் பாயை அவசரமின்றி அழகாகச் சுருட்டிக் கட்டுகின்றனர். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று மார்லோ வியக்கிறார். கூலிக்காக அன்று, கடமைக்காகவும் அன்று; அவர்கள் பிறந்த இனத்திலேயே ஏதோ இருக்கிறது என்று விடை காண்கிறார். கதையிலேயே மிகவும் பலவீனமான இடம் இதுதான் என்பது நம் கருத்து. உண்மையான 'பாலஸ்தீன்' கப்பலில் இரண்டாம் அதிகாரியாக நின்றவரே ஆங்கிலேயர் அல்லர். கான்ராட் என்ற போலந்துக்காரர்! தம்மையே மறந்துவிட்டு இப்படி எழுத அவரால் எவ்வாறு முடிந்தது? அந்த மாலுமிகளின் பெயர்களோ அவர்களுடைய வீடுகளோ அவர்கள் பெற்ற கூலியோ கதையில் இல்லை. அவற்றின் இடத்தில்தான் இந்த இனப்பெருமை வந்து உட்கார்ந்திருக்கிறது. எனினும் கான்ராட் எளிதில் ஏமாறுகிறவர் அல்லர். மார்லோ பேச்சின் நடுவே அடிக்கடி மதுக்குப்பியைக் கேட்டு வாங்குகிறார். இந்த நினைவில் எவ்வளவு இளமை, எவ்வளவு மது என்று வாசகர் நினைத்துக்கொள்ள ஆசிரியரே இடம் விட்டிருக்கிறார்.

எரிக் நியூபியின் 'கடைசித் தானியப் பந்தயம்' 1956-இல் வந்தது. பதினெட்டு வயதில், 1938-இல், பின்லாந்துக் கொடி பறந்த 'மோஷுலு' என்ற நான்கு பாய்மரக் கப்பலில் பயிற்சியாளாகச் சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, கோதுமையோடு திரும்பிய வரலாறு. 1939-இல் அக்கப்பல் 91 நாட்களில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனை அடைந்து, அவ்வாண்டுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. நகைச்சுவை ததும்பும் நூல், வாசிக்கலாம். ஆனால் கட்டணம் செலுத்திப் பயிற்சிக்கு வந்த இளைஞனுக்கு வேலை எவ்வளவு கடினமாயினும் அது அனுபவமே. அதே பாய்மரத்தில் ஏறிய மற்றவனுக்கு அது சோறு. இந்த வேறுபாட்டை நியூபி அறியாதவர் அல்லர். அதைத் துருவிப் பார்க்க அவர் விரும்பவில்லை. அவ்வளவே.

ஹெர்மன் மெல்விலின் 'ரெட்பர்ன்' இதற்கு நேர்மாறானது. 1839-இல், இருபது வயது நிரம்புமுன், நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கப்பல் சிற்றாளாகச் சென்று வந்த அனுபவத்தை வைத்து மெல்வில் அதனை எழுதி 1849-இல் வெளியிட்டார். பணத்துக்காக விரைந்து எழுதிய நூல் என்று அதை அவரே இகழ்ந்து பேசினார். எழுதியவரின் தீர்ப்பை நாம் ஏற்கத் தேவையில்லை. 'மோபி டிக்' என்ற பெருநூலின் நிழலில் இது மறைந்து கிடப்பது வருந்தத்தக்கது.

ரெட்பர்ன் நொடித்துப்போன நல்ல குடும்பத்துப் பிள்ளை. மாதம் மூன்று டாலர் கூலி. கப்பல் தலைவரைப் பார்க்க மரியாதையாக உடுத்திக்கொண்டு போகிறான், சிரிப்புக்கு ஆளாகிறான். லிவர்பூலை அடைந்ததும் தந்தை வைத்திருந்த பழைய வழிகாட்டி நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான். நூலில் உள்ள தெரு இல்லை, விடுதி இல்லை. தந்தை நடந்த நகரம் வேறு, மகன் நடக்கும் நகரம் வேறு. ஒருநாள் பண்டகசாலை ஒன்றின் கீழ்நிலவறையில் ஒரு தாயும் பிள்ளைகளும் பட்டினியால் செத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறான். காவலரிடம் சொல்லுகிறான், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுகிறான். அது தங்கள் பொறுப்பன்று என்கிறார்கள். தன்னால் இயன்ற ரொட்டியும் நீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சில நாட்களில் நிலவறை காலியாகிவிடுகிறது; அவர்கள் கிடந்த இடத்தில் சுண்ணாம்பு மின்னுகிறது. நற்செய்தியில் வரும் இலாசரை நினையாமல் அந்த அதிகாரத்தை நம்மால் படிக்க இயலாது.

நூலின் முடிவைக் கவனியுங்கள். பயணம் முடிந்து கூலி வாங்கச் செல்லும்போது தலைவர் கணக்கைப் படிக்கிறார். லிவர்பூலில் சில நாள் கப்பலை விட்டுப் போனதால் கூலி முழுவதும் பறிபோயிற்று. தொலைத்த சுத்தியல்களுக்கும் பிறவற்றுக்கும் ரெட்பர்ன்தான் தலைவருக்கு ஏழு டாலர் எழுபத்தைந்து சென்ட் தர வேண்டுமாம். முதல் பயண நினைவுகளில் இத்தனை துல்லியமான கணக்கு மிக அரிது. மற்றவர்கள் விண்மீன்களை எண்ணிய இடத்தில் மெல்வில் காசை எண்ணினார். அதனால் நூலின் அழகு குறைந்துவிடவில்லை.

இதே நூலில் நம் நாட்டார்க்கு ஆர்வமூட்டும் ஓர் இடமும் உண்டு. லிவர்பூல் துறையில் 'ஐராவதி' என்ற பெயருடைய கப்பல் ஒன்று நிற்கிறது. அதில் இந்திய மாலுமிகளாகிய லஸ்கர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவனோடு ரெட்பர்ன் நெடுநேரம் உரையாடுகிறான். அவனுடைய முதல் பயணம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் அக்காலத்தில் யாருமே இல்லை எனலாம். பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி வாரிப்போட்டவர்களுள் மிகப் பலர் இந்தியர். செராங்கு என்ற மேஸ்திரி வழியாகவே வேலை கிடைக்கும். அவருக்குப் பணம் தராமல் கப்பலேற முடியாது. செராங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவனை ஆங்கிலேயர் 'டிண்டல்' என்றனர். நம் கரையில் தோணித் தலைவனைக் குறிக்கும் 'தண்டல்' என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கர் பயணிக் கப்பல்களில் சமையற்காரராகவும் பரிமாறுகிறவராகவும் உழைத்தனர். அடுத்த கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்கும் நாட்களில் 'கூட்' எனப்பட்ட ஊர்ச்சங்க வீடுகளில் தங்கினர். ஒவ்வோர் ஊருக்கும் தனி வீடு, அதில் ஊரின் பாதுகாவலருக்கு ஒரு பீடம், மாலையில் செபமாலை. முதல் பயணம் போகிற பையனுக்குப் பழையவர்கள் கப்பல் வாழ்வைக் கற்பித்த பள்ளிக்கூடமும் அதுவே. ஆனால் அங்கே சொல்லப்பட்டவை பெரும்பாலும் பேச்சாகவே நின்று, பேசியவரோடு போயின.

எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் தாதா அமீர் ஹைதர் கான். இன்றைய பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் பிறந்து, பம்பாய்க்கு ஓடிவந்து, 1914-இல் சிறுவனாகவே கப்பலில் சேர்ந்தவர். பின்னாளில் பொதுவுடைமையராகிச் சென்னையில் மறைந்து பணியாற்றி, 1932-இல் அங்கேயே கைதானார். சிறையில் இருந்தபோது தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அவருடைய கொள்கைகள் நமக்கு உடன்பாடல்ல. என்றாலும் கப்பலின் அடிவயிற்றில் வேலை செய்த ஓர் இந்தியச் சிறுவன் தன் நாட்களைத் தானே சொல்லுகிறான் என்பதற்காக அந்நூலை மதிக்க வேண்டும். நம் தூத்துக்குடிக் கடற்றுறையின் தோணித் தொழிலையும் கப்பல் வாணிகத்தையும் பெருங்கதையாக்கிய ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் 2009-இல் வந்து, 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அதனை வாசித்தவர்கள், எழுதப்படாத நினைவு எவ்வளவு இன்னும் நம் தெருக்களிலேயே இருக்கிறது என்பதை உணர்ந்திருப்பர்.

இனி, இவ்வகை நூல்களுக்கெல்லாம் மூத்ததும், நம் மதிப்பீட்டில் தலைசிறந்ததுமான ஒன்றுக்கு வருவோம். ரிச்சர்டு ஹென்றி டேனாவின் 'பாய்மரத்தின் முன்னே இரண்டு ஆண்டுகள்' 1840-இல் வெளிவந்தது. சாதாரண மாலுமிகள் கப்பலின் முன்புறத்தில், அணியத்து அறையில் தங்குவர், அதிகாரிகள் பின்புறத்தில். பெயரிலேயே ஆசிரியர் தம் இடத்தைச் சொல்லிவிடுகிறார். ஹார்வர்டு கல்லூரி மாணவரான டேனா, தட்டம்மையால் கண்பார்வை குன்றியதால் படிப்பை நிறுத்தி, 1834 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து 'பில்கிரிம்' என்ற சிறு கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டார். கேப் ஹார்ன் முனையைச் சுற்றி அப்போது மெக்சிகோவின் பகுதியாயிருந்த கலிபோர்னியாவுக்குப் போய், மாட்டுத்தோல் சேர்த்துக் கொண்டுவருவது கப்பலின் வேலை. காய்ந்த தோல்களைத் தலையில் சுமந்து, மார்பளவு அலையில் இறங்கி, படகில் ஏற்ற வேண்டும். 1836 செப்டம்பரில் 'அலெர்ட்' என்ற மற்றொரு கப்பலில் ஊர் திரும்பினார்.

தொடக்கத்திலேயே ஒரு மரணம் நிகழ்கிறது. ஓர் இளம் ஆங்கில மாலுமி கழுத்தில் கயிற்றுச் சுருளோடும் கருவியோடும் பாய்மரம் ஏறும்போது தவறிக் கடலில் விழுகிறான். நீந்தத் தெரியாதவன், கனத்த உடை. படகை இறக்கி நெடுநேரம் தேடுகிறார்கள், பயனில்லை. தலைவர் அனைவரையும் அழைத்து, செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்றா என்று கேட்கிறார், ஆம் என்கிறார்கள், கப்பல் நகர்கிறது. பிறகு நடப்பதுதான் நம்மை உறைய வைக்கிறது. இறந்தவனுடைய சட்டைகளும் காற்சட்டைகளும் உடனே ஏலம் விடப்படுகின்றன. உடைமைக்குத் தலைவரே பொறுப்பு என்பதால் சட்டம் அப்படி. கொடுமை என்று டேனா சொல்லவில்லை. காலையில் அவன் அணிந்திருந்தது போன்ற உடைகள் மாலைக்குள் பிறர் கையில். ஆயினும் அதே பயணத்தில் இறந்தவன் உடையை அணிய மாலுமிகள் பொதுவாக விரும்புவதில்லை என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறார். அழுகைக்கு இடமில்லாத அந்த உலகத்தில் துக்கம் எங்கே ஒளிந்திருந்தது என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது.

பின்னர் சான் பெத்ரோ கரைக்கு அப்பால் நடந்த கசையடி. பேச்சு மந்தமான ஒரு மாலுமியைத் தலைவர் கட்டிவைத்து அடிக்கிறார். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்காக ஜான் என்ற சுவீடன் நாட்டவனும் அடிபடுகிறான். டேனா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். எதிர்த்தால் அது கலகம். தண்டனை மரணமாகவும் இருக்கலாம். கடவுள் தமக்கு வழி தந்தால் இந்த மக்களின் குறைகளைப் போக்க ஏதேனும் செய்வதாக அன்று உள்ளத்தில் உறுதி எடுத்தார் என்று மட்டும் எழுதுகிறார்.

தம்மைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் மறைக்கவில்லை. ஊர் திரும்பும் கப்பலில் இடம் பெறப் பாஸ்டனிலிருந்த உறவும் செல்வாக்கும் அவருக்கு உதவின. ஆனால் அவருக்குப் பதிலாக ஒருவன் கலிபோர்னியாவில் நிற்க வேண்டும் என்றார் தலைவர். ஏழை ஆங்கிலப் பையன் ஒருவனை அதற்குக் கட்டாயப்படுத்தினார். தோழர்கள் முணுமுணுத்தார்கள்: இவன் பெரிய வீட்டுப் பிள்ளை, அதனால் போகிறான், அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இறுதியில் வேறோர் இளைஞனுக்குப் பணமும் உடைகளும் கொடுத்து டேனா மாற்று ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டுகள் ஒரே பாத்திரத்தில் உண்டும் தாம் அவர்களுள் ஒருவர் அல்லர் என்பது அந்த ஒரு நாளில் வெளிப்பட்டுவிட்டதை அவரே பதிவு செய்கிறார். கான்ராடின் மேசையில் இருந்த ஐவரில் எவரும் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

நம் வாசகர்க்குச் சுவையான ஒரு செய்தி. கலிபோர்னியக் கரையில் இத்தாலியக் கப்பலின் மாலுமிகள் உயிர்ப்புத் திருநாளைக் கொண்டாடி ஓய்ந்திருக்க, டேனாவின் கப்பலில் வேலை நடந்தது. கத்தோலிக்க நாட்டுக் கப்பல்களைவிட அமெரிக்கத் தலைவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் கூடுதலாக உழைப்பைப் பெறுகிறார்கள் என்று அவர் கணக்கிடுகிறார். அவர் கத்தோலிக்கத் திருச்சபையைப் புகழ வந்தவர் அல்லர். கரையிலிருந்த கத்தோலிக்க மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் ஒருதலைச் சார்பும் உண்டு. எனினும் திருநாள் என்பது உழைக்கிறவனுக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதைத் தோல் சுமந்த தலையோடு எண்ணிப் பார்த்த எழுத்தாளர் வேறு யாரையும் நாம் அறியோம்.

உறுதியை அவர் காப்பாற்றினார். வழக்கறிஞராகி மாலுமிகளின் வழக்குகளை ஏற்று நடத்தினார். 1841-இல் அவர்களுக்காகச் சட்டக் கையேடு ஒன்றும் எழுதினார். அமெரிக்கக் கப்பல்களில் கசையடி 1850-இல் சட்டத்தால் ஒழிந்தது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி மறுபடி வருகிறது. 1840-ஆம் ஆண்டுப் பதிப்பின் கடைசி அதிகாரம் நினைவுரையன்று, வாதம். தலைவரின் அதிகாரம் குறையவேண்டும் என்று டேனா கேட்கவில்லை. கசையடியை உடனே முற்றிலும் தடைசெய்யவும் அவர் கேட்கவில்லை. அந்த நிதானம் இன்று நமக்கு ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் கொடுமை செய்த தலைவர்களுக்கு, அவர்களுடைய நற்பெயரையும் குடும்பத்தையும் காட்டி நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதை அவர் கடுமையாக எதிர்க்கிறார். மாலுமிக்கும் குடும்பம் இருக்கிறதே! நூலின் உரிமை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கைக்குத் திரும்பியது. 1869-இல் புதுப் பதிப்பு வந்தபோது அந்த அதிகாரத்தை நீக்கிவிட்டு, 1859-இல் கலிபோர்னியாவுக்கு மறுபடி சென்ற கதையை அவ்விடத்தில் வைத்தார். தனித்துக் கிடந்த விரிகுடாவின் கரையில் சான் பிரான்சிஸ்கோ பெருநகரமாக நிற்கிறது. தோல் சேர்த்துவைத்த கொட்டகைகள் மறைந்துவிட்டன. பழைய முகங்களைத் தேடுகிறார், இறந்தவர்களை எண்ணுகிறார். நெஞ்சைத் தொடும் எழுத்து. ஆனால் ஒளி இப்போது அவருடைய சொந்த இளமைமேல் விழுகிறது. ஜான் எங்கே போனான் என்பதைவிட, தாம் எங்கே நின்றோம் என்பதே முன்வருகிறது. டேனாவும் கடைசியில் மார்லோவின் மேசைக்கு வந்து அமர்ந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் பலமுறை அச்சானது 1869-ஆம் ஆண்டின் பாடம். இன்றைய சில பதிப்புகள் 1840-இன் பாடத்தையே கொடுத்து, பிந்திய அதிகாரத்தைப் பின்னிணைப்பாகத் தருகின்றன. நூலை வாங்குவோரும், நம் நூலகங்களுக்குப் பரிந்துரைப்போரும் முதல் பக்கத்தைப் புரட்டி எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குவார்களாக. இந்நூலைத் தமிழாக்கம் செய்ய முன்வருவோர்க்கும் இதுவே நம் வேண்டுகோள்.